பின்னால் பார்த்து உட்கார்ந்தவள்

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். முகத்தில் காற்று, கண்ணில் பூச்சி, கைக்கு எட்டும் தூரத்தில் ஹாரன் பட்டன். ஐம்பதைத் தாண்டியதும் ஆளாளுக்கு அதைப் பற்றி எழுதுகிறீர்கள். படிக்கும்போது எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. நான் அப்படிப் போனவள் இல்லை. என் ஆறாம் வகுப்பில் பாதி ஆண்டு நான் பின் சீட்டில், பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். அப்பாவின் முதுகும் என் முதுகும் ஒட்டிக்கொண்டிருக்கும். கால் இரண்டும் ஸ்டெப்னி சக்கரத்தின் மேல் இருக்கும். நான் விழுந்துவிடாமல் இருக்க அம்மா ஒரு பழைய துண்டால் எங்கள் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிவிடுவாள்.

எங்கள் வீடு இரும்புலியூரில் இருந்தது. அப்பா கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். நானும் அங்கேதான் படித்தேன். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே நேராகப் போகவேண்டும். வண்டலூருக்கு மிருகக்காட்சிச் சாலை வந்த புதிது. காலையில் காற்று இந்தப் பக்கமாக அடித்தால் சிங்கம் உறுமுவது ரோடு வரை கேட்கும். இன்று அந்தச் சிங்கமே நடுரோட்டில் வந்து நின்று கத்தினாலும் ஹாரன் சத்தத்தில் யாருக்கும் கேட்கப் போவதில்லை.

அப்பாவுக்கு அது எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்த முதல் நாள் ஓர் ஆடி மாதக் காலை. வண்டலூர் தாண்டியதும் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"எதையோ இடிச்ச மாதிரி இல்ல?"

"பள்ளம்பா."

"பள்ளம்தானா?"

வண்டியைத் திருப்பினார். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். பள்ளம்தான். அதில் மழைத்தண்ணீரும் ஒரு வாழைப்பழத் தோலும் கிடந்தன. அப்பா சிரித்துக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிறுத்தினார். நாங்கள் திரும்பிப் பார்க்கப் போனபோது, அந்தப் போக்கில் வேறு யாரையாவது இடித்திருந்தால் என்ன செய்வது என்பது அவருடைய அடுத்த சந்தேகம். மறுபடி திரும்பினோம். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனை முடிந்து முதல் வகுப்பும் பாதி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் அப்படித்தான். புதர் ஓரம், சாக்கடை, லாரி நின்றுகொண்டிருந்தால் அதன் அடி, எல்லாவற்றையும் குனிந்து பார்ப்பார். சைக்கிளில் போன யாரையாவது தன் ஹாண்டில் உரசிவிட்டிருக்குமோ, அவர் கால்வாயில் விழுந்து கிடப்பாரோ, தான் பாட்டுக்குப் போய்க் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று அம்மாவிடம் சொல்வார். அவர் குரலில் இருந்தது வெறும் பயம் இல்லை. தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரல் அது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற பிள்ளைகளை முட்டி போடச் சொல்கிற ஆள் இப்படிப் பேசுகிறாரே என்று வெட்கமாக இருந்தது.

திரும்பி உட்காரும் யோசனை அம்மாவுடையது. அவள் அதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாகத்தான் நினைத்தாள்.

"கண்ணு, நீ பின்னாடி பார்த்துக்கிட்டே போ. அப்பா கேட்டா, யாரும் விழலன்னு சொல்லிடு. அவருக்கும் நிம்மதி, ஸ்கூலுக்கும் நேரத்துக்குப் போயிடலாம்."

முதல் சில நாட்கள் அது பிரமாதமாக வேலை செய்தது. அப்பா தோளுக்கு மேல் கேட்பார், "யாராவது?" நான், "யாரும் இல்லப்பா." வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் பார்த்துப் போகிறவளுக்கு உலகம் வேறு மாதிரி தெரியும். எல்லாம் விலகிக்கொண்டே போகும். புளியமரங்கள் என் தோளுக்கு அருகில் திடீரென்று முளைத்து, சின்னதாகிச் சின்னதாகிக் காணாமல் போகும். டீசல் புகை நேராக மூக்கில் ஏறும். பின்னால் வரும் பஸ்ஸின் டிரைவர் கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். பள்ளிப் பையன்கள் "ஏய் ரிவர்ஸ் கியர்" என்று கத்துவார்கள். நான் யாரையும் கண்டுகொள்ள மாட்டேன். எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்ற மிதப்பு இருந்தது.

பிறகு கேள்விகள் வளர்ந்தன. "நல்லாப் பார்த்தியா?" "ரெண்டு பக்கமும் பார்த்தியா?" "லாரி மறைக்கலையே?" "நடுவுல கண்ணை மூடினியா?" கண் சிமிட்டாமல் எப்படி ஜி.எஸ்.டி. ரோட்டில் வருவது? சிமிட்டினேன் என்று உண்மையைச் சொன்னால் வண்டி திரும்பும். சிமிட்டவில்லை என்று சொன்னால், பொய் சொல்கிறாயா என்று அதற்கும் திரும்பும். அவர் அடுத்த கேள்வியைக் கேட்கப் போகிறார் என்பது அவர் முதுகிலேயே எனக்குத் தெரிந்துவிடும். முதுகு விறைக்கும், சட்டை நனையும். வீட்டுக்கு வந்து இறங்கும்போது கண் இரண்டும் எரியும். அம்மா ராத்திரி விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். படிப்பினால் வந்த சூடு என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

அம்மா இன்னொன்றும் செய்தாள். அப்பா தினமும் காலையில் பேப்பரில் விபத்துச் செய்திகளைத் தேடிப் படிப்பார். அடையாளம் தெரியாத வாகனம் மோதி என்று எங்காவது இருந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அது திருவள்ளூரில் நடந்திருந்தாலும் சரி. அதனால் அம்மா விடியற்காலையில் எழுந்து அந்தச் செய்திகளைக் கத்தரித்து எடுத்துவிட்டுப் பேப்பரை அவர் கையில் கொடுப்பாள். சன்னல் சன்னலாக ஓட்டை விழுந்த பேப்பர். அந்த ஓட்டையில் என்ன இருந்தது என்ற சந்தேகத்தில் அப்பா நேரே டீக்கடைக்குப் போய் அங்கிருக்கும் பேப்பரைப் படிப்பார். இந்தக் கூத்து வெகுநாள் நடந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

விஷயம் வெளியே போனது மெக்கானிக் மூலமாக. தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவர் கடை. அப்பா அடிக்கடி அங்கே போய்ச் சக்கரத்தையும் மட்கார்டையும் பார்க்கச் சொல்வார்.

"இன்னா சார், நேத்துதான பாத்தேன். வண்டி நல்லாதான் கீது."

"உள்பக்கம் ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க."

"இன்னா ஒட்டிகினு இருக்கணும்? ரத்தமா?" என்று மெக்கானிக் விளையாட்டாகத்தான் கேட்டார். அப்பாவின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார், பேஜார் புடிச்ச மேட்டர்னா என் கடைக்கு இட்டாராத சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

இரண்டு மூன்று நாளில் அது மாமாவின் காதுக்குப் போய்விட்டது. மாமா அம்மாவின் அண்ணன். ஏரிக்கரை நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றவர். ஊரில் நாலு பேர் அவர் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள், அல்லது அவர் அப்படி நம்பினார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்:

"ஒண்ணும் பண்ணாதவன் எதுக்குப் பயப்படறான்? எனக்கு ராத்திரி படுத்தாத் தூக்கம் வருது. உனக்கு வருது. அவனுக்கு மட்டும் ஏன் வரல? எங்கேயோ யாரையோ அடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கான். அதான் உள்ளுக்குள்ள அரிக்குது."

அம்மா இல்லை என்று சொல்லவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். அவளுக்கும் அந்த எண்ணம் முன்பே வந்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. இத்தனை வருத்தத்துக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. நீங்களே சொல்லுங்கள், நாம் மட்டும் என்ன கணக்குப் போடுகிறோம்? ஒருவன் தலை குனிந்து நடந்தால் ஏதோ செய்திருக்கிறான் என்றுதானே முடிவு கட்டுகிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்டவாளத்தை ஒட்டியிருந்த அம்மன் கோயிலுக்குப் போனோம். ஊரில் ஏதாவது பிராது என்றால் அங்கேதான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவார்கள். வாக்குமூலத்தை உரக்கச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது என்று நம்பிக்கை. அதோடு வழக்கு முடிந்துவிடும், பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. மாமா அப்பாவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"மாப்ள, ஒரு வார்த்தைதான். நான் யாரையும் வண்டியில இடிக்கலன்னு சொல்லி அணைச்சிடு. நாங்க உன்னை நம்பறோம். நீயும் நிம்மதியா இரு."

வெற்றிலையின் மேல் கற்பூரம் எரிந்தது. பூசாரி கை கட்டிக்கொண்டு நின்றார். அப்பா கையைத் தூக்கினார். கை அந்தரத்திலேயே நின்றது.

"இடிச்சதா ஞாபகம் இல்லைன்னு சொல்லட்டுமா மச்சான்?"

"அது என்ன சத்தியம்? இடிக்கலன்னு சொல்லு."

"அது எப்படிச் சொல்றது? எனக்கு நிச்சயமாத் தெரியாதே. தெரியாததை அம்மன் முன்னால எப்படிச் சொல்வேன்?"

"நான் சொல்றேன் மாமா, நான்தான் பின்னாடி பார்த்துக்கிட்டு வந்தேன்" என்று நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தைகள் கற்பூரம் அணைக்கக் கூடாதாம்.

கற்பூரம் தானாகவே எரிந்து அடங்கியது. வெற்றிலையில் ஒரு கருகல் வட்டம் மட்டும் மிஞ்சியது. மாமா அம்மாவைப் பார்த்து, "பார்த்துக்கிட்டியா?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கோயிலில் எத்தனையோ பேர் கூசாமல் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். அப்பாவுக்கு அது வரவில்லை. வராததாலேயே எல்லார் மனதிலும் அவர் கொலைகாரர் ஆனார். அவர் மனதிலும்தான். சொந்த மனைவியே நம்பவில்லை என்றால் தான் செய்திருக்கத்தான் வேண்டும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

மாமா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவும் நானும் எலக்ட்ரிக் ட்ரெயினில் போக ஆரம்பித்தோம். வண்டி இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்று பெரியவர்கள் நினைத்தார்கள். தாம்பரம் பிளாட்பாரத்தில் அப்பா சுவரோடு ஒட்டி நிற்பார். இரண்டு கையிலும் சாமான் இருக்கும். ஒரு கையில் ஒயர் கூடை, மறு கையில் தேவையே இல்லாத பழைய கணக்குப் புத்தகக் கட்டு. கனத்தில் விரல்கள் சிவந்துபோகும். நான் கூடையை வாங்கப் போனால் தரமாட்டார். ஒரு நாள் ட்ரெயினுக்குள் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு கையும் காலியா இருந்தா, நான் யாரையாவது தண்டவாளத்துல தள்ளிட்டா என்னம்மா பண்றது?"

எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவைப் பார்த்துப் பயம் இல்லை, அவருக்காகப் பயம். அந்த வித்தியாசம் அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

ஒரு நாள் மதியம் அப்பா வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைந்தார். அங்கிருந்த ஏட்டுக்குத் தலை சுற்றியிருக்கும். யாரை இடித்தீர்கள் என்று கேட்டால் தெரியாது. எங்கே, எப்போது என்று கேட்டாலும் தெரியாது. ஆனால் கைது செய்ய வேண்டும். ஏட்டு பள்ளிக்குப் போன் செய்தார். தலைமையாசிரியை என்னையும் ஒரு ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட, அதிகம் சிரிக்காத பெண்மணி அவர். பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"என் தம்பிக்கும் இது இருந்துது சார். அவனுக்கு வேற மாதிரி. தன் கை பட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு யாராவது செத்துடுவாங்கன்னு தோல் உரியற வரைக்கும் கை கழுவுவான். நாங்க ஃபாதர்கிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு, சரியாயிடும்னு அனுப்புவோம். பண்ணிட்டு வந்து, சரியாச் சொன்னேனான்னு மறுபடி ஓடுவான். இது வியாதி சார். மருந்து இருக்கு, டாக்டர் இருக்காங்க."

எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது அவர் அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னாராம். நிர்வாகத்துக்குப் புகார் போயிருக்கிறது, முழுப் பரீட்சை முடிவதற்குள் சார் ஒழுங்காக நேரத்துக்கு வந்து பாடம் எடுக்காவிட்டால் வேலை போய்விடும், அதற்குமேல் தன்னால் தாங்கிப் பிடிக்க முடியாது என்று. எங்களுக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. மாமா வீட்டு மாடியில் போய் ஒண்ட வேண்டியதுதான். அம்மா அன்றைக்கே டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டாள்.

டாக்டர் பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். காத்திருக்கும் இடத்தில் பினாயில் வாசனை, தகர நாற்காலிகள், யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத கூட்டம். டாக்டர் சின்ன வயதுப் பெண். அம்மா அவரைப் பார்த்ததும் நம்பிக்கை இழந்தாள்.

அப்பாவின் சின்ன வயதில் ஏதாவது நடந்ததா, முன்னோர் சாபமா, ஜாதகத்தில் தோஷமா என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைத் தோண்டிக்கிட்டு இருந்தா இதுக்கு வைத்தியம் ஆகாதும்மா. சார், மனசு உறுத்துதுன்னா தப்பு நடந்திருக்குன்னு நீங்க நம்பறீங்க. உங்க வீட்ல எல்லாரும் அதையேதான் நம்பியிருக்காங்க. உறுத்தல் தனி, தப்பு தனி. உங்களுக்கு உறுத்தல் மட்டும் தானா வருது."

"திரும்பிப் பார்க்காமப் போனா நான் என்ன மனுஷன் டாக்டர்?" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்தது. "ஒருத்தன் அங்க கிடந்து சாகறான்னு வைங்க..."

"நிஜமா ஒருத்தர் மேல வண்டி ஏறினா நீங்க யாரையும் கேக்க மாட்டீங்க, குதிச்சு இறங்கிடுவீங்க. இருந்திருக்குமோன்னு தோணினா அது வியாதி. அதுக்காகத் திரும்பக் கூடாது. உறுத்தட்டும். ஒண்ணும் பண்ணாம இருங்க. அது ஏறும், ரொம்ப ஏறும், அப்புறம் தானா இறங்கும். நீங்க அதை இறங்க விட்டதே இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இனிமே நீ முன்னாடி பார்த்து உட்காரணும். அப்பா எத்தனை தடவை கேட்டாலும் யாரும் விழலன்னு சொல்லக் கூடாது. தெரியாதுன்னு சொல்லணும்."

"பெத்த பொண்ணு அப்பாவுக்கு ஆறுதல் சொல்லக் கூடாதா?" என்று அம்மா சண்டைக்கே போய்விட்டாள்.

"கொசு கடிச்ச இடத்தைச் சொறிஞ்சா சுகமாத்தாம்மா இருக்கும். சொறியச் சொறியப் புண்ணாயிடும். இவ சொல்ற ஒவ்வொரு பதிலும் அப்படிச் சொறியறதுதான்."

எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கண் எரிய எரிய நான் பார்த்ததெல்லாம் அப்பாவின் புண்ணைப் பெரிசாக்கியதா? இப்போது அந்த டாக்டர் மேல் கோபம் இல்லை. ஆனால் பதினொரு வயதுப் பெண்ணிடம் கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

மாத்திரை கொடுத்தார்கள். அப்பாவுக்கு வாய் வறண்டது, பகலில் தூங்கி வழிந்தார். அந்தத் தூக்கம் தெளிகிற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தெளிந்ததும் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. மாமா முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அவர் கடைசிவரை டாக்டரை நம்பவில்லை. நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். என் மூக்குக்கு நேரே அப்பாவின் பிடரி. அவர் கேட்பார், "யாராவது?" நான், "தெரியாதுப்பா." மறுபடி கேட்பார். கெஞ்சுவார். "ஒரே ஒரு தடவை சொல்லிடு கண்ணு, டாக்டருக்குத் தெரியவா போகுது?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் ஊரப்பாக்கம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். "நீயெல்லாம் ஒரு பொண்ணா? உனக்கு இரக்கமே இல்லையா?" என்று நடுரோட்டில் கத்தினார். பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்கள் இருவரும் ஒரு பெட்டிக்கடை நிழலில் நின்று அழுதுவிட்டுப் பள்ளிக்குப் போனோம்.

வீட்டில் அம்மாவால் தாங்க முடியவில்லை. சோறு போடும்போது குனிந்து அவர் காதில், "யாரும் விழலைங்க, சாப்பிடுங்க" என்று ரகசியமாகச் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவேன். எனக்கு மட்டும் கல் நெஞ்சா? பாசமெல்லாம் அம்மாவுக்கு, கெட்ட பெயரெல்லாம் எனக்கா? அந்த மாதங்களில் என்னைப் போல் களைத்துப்போன பிள்ளை அந்தப் பள்ளியிலேயே இருந்திருக்க மாட்டாள்.

பின்னால் என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் பெரிதாக எதையாவது எதிர்பார்ப்பீர்கள். அது முழுதாகப் போகவில்லை. குறைந்தது. சில வருடங்கள் நன்றாக இருப்பார். சில வருடங்கள் மறுபடி தலைதூக்கும், மறுபடி மாத்திரை, மறுபடி பட்டணம். வேலையில் இருந்தே ஓய்வு பெற்றார். ஸ்கூட்டர் யார் யாரிடமோ கைமாறி எங்கேயோ இரும்பாகப் போயிருக்கும். புளியமரங்களை எல்லாம் வெட்டிச் சாலையை அகலமாக்கிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதையெல்லாம் இல்லை. முழுப் பரீட்சைக்கு முந்தைய ஒரு சாயங்காலத்தை.

அன்று பள்ளி விட்டதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. நின்ற பிறகு கிளம்பினோம். வானம் மூடிக்கொண்டு இருட்டாக இருந்தது. ரோட்டில் கரண்ட்டும் இல்லை. வண்டலூர் மலையைத் தாண்டி வரும்போது எதிரே ஒரு லாரி விளக்கைக் கண்ணில் அடித்துக்கொண்டு வந்தது. அப்பா ஓரத்துக்கு ஒதுங்கினார். அப்போது சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது.

பள்ளம் இல்லை. பள்ளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்லும் இல்லை. அது மெத்தென்று இருந்தது.

யாரும் கத்தவில்லை. பின்னால் வந்த பஸ் நிற்காமல் எங்களைத் தாண்டிப் போனது. சாக்காக இருக்கலாம். தென்னை மட்டையாக இருக்கலாம். குடித்துவிட்டு ஓரத்தில் படுத்திருக்கும் ஆளாக இருந்தால்? மழைக்கு ஒதுங்கிய குழந்தையாக இருந்தால்? நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை. அப்பா கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே தெரியாது.

அப்பா கேட்கவில்லை. வண்டியின் வேகம் குறைந்தது. அவர் கால் பிரேக்கின் மேல் போனது.

"அப்பா, திரும்பிப் போய்ப் பார்த்துட்டு வரலாம்பா."

அவர் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தார்.

"ஒரே ஒரு தடவைப்பா. யாராவது இருந்தா என்னப்பா பண்றது? ப்ளீஸ்பா." நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கப் போனேன்.

"திரும்பிப் பாக்காதம்மா" என்றார் அப்பா. மூச்சு இரைத்தது. கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. கியரை மாற்றினார். "எனக்கும் பார்க்கணும்போலத்தான் இருக்கு. போலாம்."

பெருங்களத்தூர் வந்தது, இரும்புலியூர் வந்தது. வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். வீட்டு வாசலில் அப்பா வண்டியை நிறுத்தினார். சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. அவர் விரல்கள் ஹாண்டிலை விட மறுத்ததுபோல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தன.

அம்மா சோறு போட்டாள். நான் சோற்றைத் தொடவில்லை. உடம்பெல்லாம் அழுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒன்றும் செய்யாமலேயே எல்லாம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பா ஒவ்வொரு வாயாகப் பிசைந்து, கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உனக்குத் தினமும் இப்படித்தான் இருந்துதா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"என்ன ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று அம்மா கேட்டாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். யாரும் விழவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. அதைக் கேட்க நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"யாராவது விழுந்திருப்பாங்களாப்பா?"

"தெரியாதும்மா" என்றார் அப்பா. "இன்னும் கொஞ்ச நேரம் ஏறும். அப்புறம் குறையும். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

எழுந்து போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்தார்.